30 காணொளி, 42 கணக்கு: ஒரு வதந்தியின் பேரேடு

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் மேல் ஒரு பொய் வந்து விழுந்தது. தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள், தூக்கில் தொங்கவிடுகிறார்கள் என்றது அந்தப் பொய். பீகாரின் பாட்னாவிலும் ஜமுயிலும் கோபால்கஞ்சிலும் இருந்த தாய்மார்கள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள். இங்கே பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உடனே கிளம்பி வா" என்று அழுதார்கள்.

அந்தப் பொய்யை யார் பரப்பினார்கள் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதை உண்டாக்க என்ன செலவானது, தேடிப் பிடிக்க என்ன செலவானது, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொழில் நகரத்துக்குக் கணக்குதான் தாய்மொழி. அதனால் பற்று வரவு போட்டே பார்த்துவிடுவோம். பதிவில் உள்ள எண்களை அப்படியே தருகிறேன். நானாகப் போட்ட கணக்கு வரும் இடங்களில் அனுமானம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பக்கம்: சரக்கு

பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, மக்களைத் தவறாக வழிநடத்தியவை என்று அடையாளம் கண்ட காணொளிகளும் பதிவுகளும் மொத்தம் 30. கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் சரக்கின் தரம் புரியும்.

பிப்ரவரி 18 அன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சி "தமிழ்நாட்டில் நடந்தது" என்று பரவியது. ஜனவரி 22 அன்று ஹைதராபாத்தின் ஜியாகுடா பகுதியில் நட்ட நடுத்தெருவில் நடந்த கொலையும், பிப்ரவரி 13 அன்று கோவை நீதிமன்றத்துக்கு அருகே நடந்த கொலையும் அதே வரிசையில் சேர்ந்தன. கோவைச் சம்பவத்தில் வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவரும் உள்ளூர்க்காரர்கள். ஜோத்பூர், ஹைதராபாத் சம்பவங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சி. சைலேந்திர பாபு, மார்ச் 2 அன்று வெளியிட்ட மறுப்பில் இரண்டு காணொளிகளைக் குறிப்பிட்டார். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்கு இடையே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது என்றார். அதாவது காட்சிகள் உண்மை. அடி விழுந்தது, ரத்தம் சிந்தியது, எல்லாம் நடந்ததுதான். ஊர், தேதி, காரணம் இந்த மூன்றை மட்டும் மாற்றிவிட்டார்கள். பொய்யில் மிகக் குறைந்த செலவில் தயாராவது இந்த வகைதான். பழைய காட்சிக்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதினால் சரக்கு தயார்.

இதே பக்கத்தில் நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் எழுதியாக வேண்டும். இதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 ஜனவரி கடைசியில், திருப்பூரிலிருந்து ஒரு காணொளி தமிழில் பரவியது. வடமாநிலத்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டி அடிக்கிறார்கள் என்று அதற்குத் தலைப்பு. அது ஜனவரி 14 அன்று, டீக்கடையில் சிகரெட் புகையை ஒட்டி எழுந்த தகராறு என்று காவல்துறை விளக்கியது. ஒரு டீக்கடைச் சண்டை இரண்டு இனங்களின் போராகத் தமிழிலும் விற்பனையானது. மார்ச்சில் இந்தியில் விற்றது அதே வகைச் சரக்கு. விலைச்சீட்டில் மொழி மட்டும்தான் வேறு.

இரண்டாம் பக்கம்: முதலீடு

பழைய காட்சிகள் போதாமல் புதிதாகத் தயாரிக்கும் வேலையும் நடந்தது. தலையிலும் கையிலும் கட்டுப்போட்ட இருவர், தமிழ்நாட்டில் அடிபட்டுத் தப்பி வந்ததாகச் சொல்லும் காணொளி ஒன்று வந்தது. அது பாட்னாவின் ஜக்கன்பூர் பகுதியில், பெங்காலி காலனியில் ஒரு வாடகை வீட்டில் மார்ச் 6 அன்று நடிக்க வைத்து எடுக்கப்பட்டு, மார்ச் 8 அன்று இணையத்தில் ஏற்றப்பட்டது என்று பொருளாதாரக் குற்றப் பிரிவு அறிவித்தது.

தேவைப்பட்டவை: ஒரு வாடகை அறை, கைபேசி, கட்டுத்துணி, நடிக்க இரண்டு பேர். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது.

தேதிகளையும் கவனிக்க வேண்டும். மார்ச் 2 அன்று தலைமை இயக்குநரே மறுத்துவிட்டார். 4 நாள் கழித்து, மார்ச் 6 அன்று, புதிய படப்பிடிப்பு நடக்கிறது. மறுப்பு வந்த பிறகும் தயாரிப்பு நிற்கவில்லை என்றால், சந்தையில் தேவை இருந்தது என்றுதான் பொருள். பார்வைக்கு ஏற்ப விளம்பரப் பணம் வரும் உலகில் பயம் நன்றாக விற்கும் பொருள்.

இந்த வதந்தி பற்றிய விசாரணையில் பேசப்பட்ட முக்கியப் பெயர், 'சச் தக் நியூஸ்' யூடியூப் அலைவரிசையை நடத்திய மனீஷ் காஷ்யப். அவர் தொடர்பான 4 வங்கிக் கணக்குகளைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு முடக்கியது. அப்போது வெளியிடப்பட்ட இருப்பு விவரம்:

பாரத ஸ்டேட் வங்கி: ரூ. 3,37,496
ஐ.டி.எஃப்.சி. வங்கி: ரூ. 51,069
எச்.டி.எஃப்.சி. வங்கி: ரூ. 3,37,463
சச் தக் அறக்கட்டளை பெயரில் எச்.டி.எஃப்.சி. வங்கி: ரூ. 34,85,909
மொத்தம்: ரூ. 42,11,937

கணக்கை முடக்குவது விசாரணையின் ஒரு படி. அதைக் குற்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பணம் அந்தக் காணொளிகளால் வந்தது என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பார்வைகளை நம்பி நடக்கும் ஓர் அலைவரிசையைச் சுற்றி எவ்வளவு பணம் புழங்க முடியும் என்பதற்கு இது ஓர் அளவு.

மூன்றாம் பக்கம்: பெருக்கல்

ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவுக்குக் கட்டுப்பாடு போட்டது. குழந்தை கடத்தல் வதந்தியால் அந்த ஆண்டு நாடெங்கும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதன் விளைவு அது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டது அந்த ஆண்டு மே மாதத்தில்தான்.

5 என்பது சின்ன எண்ணா? ஒருவர் 5 பேருக்கு, அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேருக்கு என்று போனால் கணக்கு இப்படி ஏறும்: 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625. எட்டாவது கை மாறும்போது ஏறத்தாழ 4 லட்சம் பேர். குழுக்களுக்கு அனுப்பினால் இதற்கும் மேலே போகும்.

இதையே ஆளுக்கு 2 பேர் என்று வைத்துப் போடுங்கள்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256. அதே எட்டாவது கையில் வெறும் 256 பேர். 5 என்பது 2 ஆனதற்கே பரவல் 1,500 மடங்குக்கு மேல் சுருங்குகிறது. வதந்தியை நிறுத்த எல்லோரும் அனுப்பாமல் இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்பதை இந்த இரண்டு வரிசையும் காட்டுகின்றன. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் இன்னும் இறுக்கியது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே பின்னர் சொன்னது.

உண்மை ஏன் பின்தங்குகிறது என்பதற்கும் எண் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வொசோகி, ராய், ஆரல் மூவரும் 2018-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மை எடுத்துக்கொண்ட நேரம், பொய் எடுத்துக்கொண்டதைப் போல 6 மடங்கு.

நமக்கு முன்பே ஒரு பாடம் பெங்களூரில் நடந்தது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளை நம்பிச் சுமார் 30,000 பேர் சில நாட்களில் அந்த நகரை விட்டுக் கிளம்பினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது. ஒரு கைபேசியிலிருந்து ஒரு நாளைக்கு 5 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. பயந்தவர் பத்தாயிரக்கணக்கானோர். தடைக்குள் வந்தவர் நாடு முழுவதும் கைபேசி வைத்திருந்த கோடிக்கணக்கானோர்.

நான்காம் பக்கம்: தேடும் கூலி

பனியனில் ஒரு கறை தெரிந்தால் செக்கிங் மேஜையிலிருந்து பண்டல் எண், அங்கிருந்து கட்டிங் லாட், அங்கிருந்து துணி ரோல், அங்கிருந்து சாயப்பட்டறையின் லாட் என்று பின்னோக்கிப் போவார்கள். பொய்யைத் தேடுவதும் அதே வேலைதான். ஆனால் இந்தச் சரக்கில் ஒவ்வொரு கையும் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுக்கிறது.

ஒரு நிமிடக் காணொளியில், நொடிக்கு 30 சட்டகம் என்றால், 1,800 சட்டகங்கள் இருக்கும். அதில் கடைப் பலகை, வண்டி எண், சுவர் விளம்பரம், சீருடை என்று அடையாளம் தரக்கூடிய 10 சட்டகங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் படத்தேடலில் போட வேண்டும். ஒரு தேடலுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 30 காணொளிக்கு 300 தேடல், 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். நம் ஊர்க் கணக்கில் 8 மணி நேர ஷிப்டு மூன்றும் அதற்கு மேல் ஒரு மணி நேரமும். பொய் சொன்னவர் தலைப்பு எழுத எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம். இது மூலத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஆகும் நேரம். பரப்பியவரைக் கண்டுபிடிப்பது தனி வேலை.

அதற்குத் தளம் தளமாகப் போக வேண்டும். பதிவுகளை அழித்துவிடாமல் பாதுகாத்து வைக்கும்படி பீகார் காவல்துறை அனுப்பிய அறிவிப்புகளின் கணக்கு:

பேஸ்புக்: 9
ட்விட்டர்: 15
யூடியூப்: 15
ஜிமெயில்: 3
மொத்தம்: 42

காணொளியும் பதிவும் 30 என்றால், அவற்றைத் துரத்த 4 தளங்களில் 42 இடங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் படிவம், தனி நடைமுறை, தனிக் காத்திருப்பு.

பதில் வந்ததும் வேலை முடிவதில்லை. தளம் தருவது பெரும்பாலும் ஓர் இணைய முகவரி எண்ணும் நேரமும்தான். கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதில் யார் என்று பிரிக்கப் போர்ட் எண்ணும் வேண்டும். ஒரு முகவரிக்குக் கீழே 65,536 போர்ட் எண்கள் உண்டு. நேரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல தளங்கள் உலகப் பொது நேரத்தில் விவரம் தருகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. அதைக் கூட்டாமல் விட்டால், அந்த நொடியில் அதே முகவரியைப் பயன்படுத்திய வேறொரு அப்பாவியின் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

அதன் பிறகு நீதிமன்றம். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட அதன் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஷா-256 முறையில் அது 64 எழுத்து நீளம். மின்னணுச் சான்றை ஏற்க அப்போது சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றிதழ் தேவைப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. இதில் எந்தப் படி தவறினாலும் அதுவரை போட்ட உழைப்பு வீண்.

வாட்ஸ்அப்பில் இத்தனையும் ஓரளவுக்குத்தான் உதவும். முதலில் அனுப்பியவர் யார் என்பதை, ஆணை வந்தால், செய்திச் சேவைகள் சொல்ல வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். அதற்காகச் செய்திகளின் மறைக்குறியீட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. ஒருவரைப் பிடிப்பதற்காகக் கோடிக்கணக்கானவர்களின் அந்தரங்கத்தைத் திறப்பதா என்ற கேள்வியை நானும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் முதல் பொது இடத்தில், முதல் சில மணி நேரத்தில், ஆதாரத்தைப் பிடிப்பது அத்தனை முக்கியமாகிறது.

ஐந்தாம் பக்கம்: நேரம்

2021 விதிகள் 2023-ல் வைத்திருந்த கெடுக்களை வரிசைப்படுத்தினால் ஒரு பெரிய இடைவெளி தெரியும்.

பயனர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள: 24 மணி நேரம்
அரசு அல்லது நீதிமன்ற ஆணைப்படி நீக்க: 36 மணி நேரம்
விசாரணை அமைப்பு கேட்கும் விவரத்தைத் தர: 72 மணி நேரம்
சாதாரணப் புகாரைத் தீர்க்க: 15 நாள்
நீக்கிய பதிவைப் பாதுகாக்க: 180 நாள்

திருப்பூரிலிருந்து பாட்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு நாள். விவரம் தர இருக்கும் 72 மணி நேரக் கெடு முடிவதற்குள் பயந்த தொழிலாளி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். சட்டத்தின் கடிகாரம் பரப்பியவரைப் பிடிக்க ஓடுகிறது. பயந்தவரைத் தடுத்து நிறுத்த ஓடுவது வேறொரு கடிகாரம். இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுகிறோம்.

வழக்குகளின் நாட்காட்டி இன்னும் நீளம். திருப்பூரில் வடக்குக் காவல் நிலையம் தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர் மீதும், சைபர் குற்றப் பிரிவு ஒரு ட்விட்டர் பக்கத்தின் உரிமையாளர் மீதும் வழக்குப் பதிந்தன. இந்தி பேசியதற்காகத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள் என்று பதிவிட்ட உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ் மீது தூத்துக்குடியில் வழக்கு. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 6 அன்று சொன்னது. மனீஷ் காஷ்யப் மார்ச் 18 அன்று மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் சரணடைந்தார். தமிழ்நாட்டில் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அவர் மேல் பாய்ந்தது. வழக்குகளை ஒன்றாக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் மே 8 அன்று ஏற்க மறுத்தது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தேசியப் பாதுகாப்புச் சட்டக் காவலை ரத்து செய்தது. டிசம்பர் 23 அன்று சிறையிலிருந்து வெளியே வந்தார். 9 மாதத்துக்கு மேல் சிறை. பொய் ஓடியது இரண்டே வாரம்.

ஆறாம் பக்கம்: ஊரின் பற்று

2022-23 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் ரூ. 34,350 கோடி. உள்நாட்டு வணிகம் இதற்கு வெளியே. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வகுத்தால், ஒரு நாளைக்கு ரூ. 114 கோடிக்கு மேல் ஏற்றுமதிச் சரக்கு இந்த ஊரின் பின்னலிலும் தையலிலும் உருவானது. தொழில் அமைப்புகள் சொல்லும் மதிப்பீட்டின்படி நேரடித் தொழிலாளர்கள் சுமார் 6 லட்சம். அவர்களில் வெளிமாநிலத்தவர் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை.

இனி என் அனுமானம். குறைந்த அளவான ஒன்றரை லட்சத்தையே எடுத்துக்கொண்டு, அவர்களில் பத்தில் ஒருவர் மட்டும் பயந்து 15 நாள் ஊருக்குப் போனதாக வைப்போம். அது 15,000 பேர். மொத்தத் தொழிலாளர்களில் 2.5 விழுக்காடு. உற்பத்தியும் அதே அளவுதான் குறையும் என்று கொண்டால், நாளுக்கு ரூ. 2.86 கோடி, 15 நாளுக்கு ஏறத்தாழ ரூ. 43 கோடி.

இது மிகக் குறைவான கணக்கு. ஏனென்றால் பனியன் தைப்பது ஒரு சங்கிலி. தோள் சேர்க்கும் ஓவர்லாக்காரர் வராவிட்டால் கழுத்துப் பட்டை வைப்பவருக்கு வேலை இல்லை. கை ஏற்றுபவரும் அடி மடிக்கும் பேட்லாக்காரரும் காத்திருப்பார்கள். அயர்னிங் மேஜை காலி. 20 பேர் வரிசையில் 2 பேர் வராவிட்டால் உற்பத்தி பத்தில் ஒரு பங்கோடு நிற்காது. கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும். கூடுதல் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும், அங்கிருந்து ஜாப் ஒர்க் கொடுக்கும் சிறு பட்டறைகளின் தலையில் இறங்கும்.

ஏழாம் பக்கம்: தொழிலாளியின் பற்று

பெரிய எண்களுக்குக் கீழே சின்ன எண்கள் இருக்கின்றன. பேரேட்டில் எனக்கு மிகவும் கனமாகத் தெரியும் பக்கம் இதுதான். நாள் கூலி ரூ. 500 என்று வைத்துக்கொண்டால், 15 நாள் இழந்தவருக்கு ரூ. 7,500 போகிறது. போக வரப் பயணச் செலவு, பூட்டிக் கிடக்கும் அறையின் வாடகை, கான்ட்ராக்டரிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் அதற்கு மேல். 15,000 பேருக்குக் கூலி இழப்பு மட்டும் ரூ. 11.25 கோடி.

போகாமல் இங்கேயே இருந்தவருக்கும் செலவு இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து தனியாக நடக்கப் பயம், மளிகைக் கடைக்குப் போகப் பயம், வீட்டிலிருந்து மணிக்கு ஒரு அழைப்பு. அந்த நாட்களில் திருப்பூரில் ரயிலில் அடிபட்டு இறந்த ஒரு பீகார் தொழிலாளியின் மரணம் கொலை என்று பரவியது. சக தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். சிசிடிவி பதிவைக் காட்டித்தான் காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதன் ஊர் விட்டு ஊர் வந்து இறந்திருக்கிறான். நண்பர்கள் அமைதியாக அழுவதற்குக்கூட வதந்தி இடம் விடவில்லை.

எட்டாம் பக்கம்: வரவு

வரவுப் பக்கம் காலியாக இல்லை. பீகார் அரசு அனுப்பிய 4 பேர் குழு மார்ச் 4 அன்று தமிழ்நாடு வந்தது. தலைமை தாங்கியவர் பீகார் பிரிவில் பணியாற்றிய தமிழரான ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. பாலமுருகன். குழு திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களிடமே நேரில் கேட்டது. திருப்பூர் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உதவி எண்களை அறிவித்தன, இந்தியிலேயே விளக்கம் தந்தன. தலைமை இயக்குநரின் மறுப்பு, பொய் பெரிதான அதே மார்ச் 2 அன்றே வந்துவிட்டது. 2022 ஆகஸ்டிலேயே மாநகரங்களிலும் மாவட்டங்களிலும் 203 பேர் கொண்ட சமூக ஊடகக் கண்காணிப்புக் குழுக்களை அமைத்திருந்தது தமிழ்நாடு காவல்துறை.

தகவல் சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸ், ஜோத்பூர், ஹைதராபாத், கோவை என்று ஒவ்வொரு காட்சியின் ஊரையும் தேதியையும் தேடி எடுத்து வைத்தது. அதற்காக அதன் இணை நிறுவனர் முகமது ஜுபைருக்குத் தமிழ்நாடு அரசு 2024 குடியரசு நாளில் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் வழங்கியது. அதோடு தரப்படும் தொகை ரூ. 25,000. பேரேட்டில் மிகச் சிறிய தொகை, மிகப் பெரிய வரவு. 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது.

இருப்பு

கூட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது. பொய்யை உண்டாக்க ஒரு நிமிடமும் சில ஆயிரம் ரூபாயும். மூலத்தைத் தேட 25 மணி நேரம். பரப்பியவரைத் துரத்த 42 அறிவிப்புகள், இரு மாநிலக் காவல்துறை, உச்ச நீதிமன்றம் வரை மாதக்கணக்கில் வழக்கு. ஊருக்கு, மிகக் குறைவாகப் போட்டாலும், ரூ. 43 கோடி. தொழிலாளிக்கு ஆளுக்கு ரூ. 7,500-க்கு மேல்.

எனவே துரத்துவதை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு என்றைக்கும் நட்டத்தில்தான் முடியும். துரத்த வேண்டும், தண்டிக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் பொய் வருவதற்கு முன்பே செலவு செய்தால்தான் இருப்பு தேறும். அந்தச் செலவு என்ன?

முதலாவது, பதிவு. மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர் 5 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 44 ஆண்டு கழித்தும் இந்த ஊரில் ஒன்றரை லட்சமா இரண்டு லட்சமா என்று மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம். யார் இருக்கிறார் என்றே பதியாத ஊரில், யார் காணாமல் போனார் என்று எவர் சொன்னாலும் நம்பத்தான் செய்வார்கள். பெயர், ஊர், வீட்டாரின் தொலைபேசி எண் மூன்றும் இருந்தால், மார்ச் 2 காலையிலேயே அந்தத் தாய்மார்களுக்கு நாமே பேசியிருக்கலாம்.

இரண்டாவது, மொழி. 100 பேருக்கு மேல் வெளிமாநிலத்தவர் வேலை செய்யும் ஒவ்வொரு கம்பெனியிலும், அவர்கள் மொழி பேசும், அவர்கள் நம்பும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். மாதம் ரூ. 20,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு ரூ. 2,40,000. அப்படி 500 கம்பெனியில் ஆள் வைத்தால் ஆண்டுக்கு ரூ. 12 கோடி. நான் போட்ட 15 நாள் நட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த ஆள் வதந்திக்கு மட்டும் காத்திருக்க மாட்டார். கூலிப் பாக்கி, மருத்துவம், வங்கிக் கணக்கு என்று அன்றாடம் உதவுவார். அன்றாடம் உதவியவர் சொல்லைத்தான் நெருக்கடி நாளில் நம்புவார்கள்.

மூன்றாவது, ஆதாரம். சந்தேகமான காணொளி வந்தால் அதை மறுபடி பரப்பித் திட்டாமல், பதிவின் முகவரியையும் கணக்கின் பெயரையும் நேரத்தையும் குறித்துக் காவல்துறைக்குக் கொடுப்பது. இதற்கு ஆகும் செலவு இரண்டு நிமிடம். இந்தச் சீட்டு ஒன்று கையில் கிடைத்தால் புலனாய்வாளருக்கு நாட்கள் மிச்சமாகும்.

நான்காவது, நம் கை. இந்தியில் வந்த பொய்யைக் கண்டு கொதித்த நாம், தமிழில் வந்த ஜனவரிக் காணொளியை எத்தனை பேருக்கு அனுப்பினோம்? அடுத்த முறை "வடக்கன்கள் அடிக்கிறார்கள்" என்று ஒரு காட்சி வரும்போது ஊரும் தேதியும் தெரியாமல் அதை யாருக்கும் அனுப்பாமல் இருந்தால், அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிடும். ஆண்டுக்கு ரூ. 34,350 கோடிச் சரக்கில் பீகார்க்காரர் தையலும் தேனிக்காரர் தையலும் ஒரே பனியனில் இருக்கின்றன. அந்தப் பனியனைத் தைக்கும் இரு தரப்பையும் காக்கும் கடமை, இந்தத் தொழிலால் வாழும் நம் எல்லோர் பெயரிலும் எழுதப்பட வேண்டிய பற்று.